பறக்கும் மனிதர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது வாசலில் ஒரு சகோதரி காத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகன். என்னிடம் இஸ்லாம் பாடம் படிக்கும் தரம் ஐந்து மாணவன். வலது கையில் முழங்கைக்கு மேல்வரை பிளாஸ்டர் போட்டிருந்தது. கழுத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு பின்வளவு மதிலில் ஏறிப் பாய்ந்திருக்கிறான்.

"மௌலவி, இவன் பறக்கப் பார்த்திருக்கான்" என்றார் தாய். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. கையில் இருந்த பொலித்தீன் பையை என் முன்னால் வைத்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்கள். கொழும்பில் வேலை செய்யும் மாமா பழைய புத்தகக் கடைகளில் வாங்கிக் கொடுத்தவையாம். "இதுகள நெருப்புல போடவா? நீங்க ஒரு வார்த்தை செல்லுங்க."

போடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் பையன் என்னைப் பார்த்த பார்வையில் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. படிக்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று அரபுக் கல்லூரியில் எங்கள் உஸ்தாத் அடிக்கடி சொல்வார். "பை இங்கேயே இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அந்தப் பையைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் எனக்குச் சரளம் போதாது. உயர்தரம் படிக்கும் என் மகள் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினாள். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அறிந்துகொண்டவற்றில் சிலவற்றைத் தாய்மார்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

துணிக்கடைக்காரரின் மகன்

இந்தப் பறக்கும் மனிதர்களுக்கெல்லாம் மூத்தவன் சுப்பர்மேன். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'எக்‌ஷன் கொமிக்ஸ்' என்ற சஞ்சிகையின் முதலாவது இதழில் அறிமுகமானான். விலை 10 சதம். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அவனைப் படைத்தார்கள். கதை எழுதியவர் ஜெரி ஸீகல், படம் வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். இருவரும் புலம்பெயர்ந்து வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளைகள்.

கதை இதுதான். கிரிப்டன் என்றொரு கற்பனைக் கிரகம். அது வெடித்து அழியப்போகும் வேளையில் ஒரு தகப்பன் தன் கைக்குழந்தையைச் சிறிய விண்கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்புகிறான். அமெரிக்கக் கிராமமொன்றில் நல்ல மனம் படைத்த கணவனும் மனைவியும் அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். பகலில் அவன் கண்ணாடி அணிந்த சாதாரணப் பத்திரிகையாளன். அநீதி நடக்கும் இடத்தில் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு மற்றவனாகி விடுகிறான். ஆற்றில் விடப்பட்ட பேழையில் மூஸா (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் சென்ற வரலாறு என் மனதில் ஓடியது. எழுதியவர் யூதர் என்பதால் அந்த வரலாற்றின் நிழல் இதில் விழுந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள்.

அந்த முதல் கதையில் சுப்பர்மேன் உலகத்தை அழிக்க வரும் அரக்கன் எவனோடும் சண்டை பிடிக்கவில்லை. செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் கடைசி நேரத்தில் காப்பாற்றுகிறான். தன் மனைவியைப் போட்டு அடிக்கும் ஒருவனைப் பிடித்துச் சுவரில் எறிகிறான். வாசித்துக் காட்டிய மகள், "வாப்பா, இது நல்ல வேலைதானே!" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. தலாக் கேட்டு வரும் சகோதரிகளின் முகங்கள் சில நினைவுக்கு வந்தன.

இன்னொன்று. ஆரம்பத்தில் சுப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது! பாய மட்டும்தான் தெரியும். ஒரே பாய்ச்சலில் எட்டில் ஒரு மைல் தூரம். பறப்பதெல்லாம் சில வருடங்கள் கழித்து வானொலி நாடகத்திலும் கார்ட்டூன் படத்திலும் சேர்ந்துகொண்டது.

ஸீகலின் தகப்பனார் கிளீவ்லண்டில் ஒரு சிறிய துணிக்கடை வைத்திருந்தார். 1932ஆம் ஆண்டு ஓர் இரவு கடைக்குள் திருடர்கள் வந்தார்கள். அந்தக் கலவரத்தில் அவர் நிலத்தில் விழுந்து மரணமானார். மகனுக்கு அப்போது 17 வயது. குண்டு துளைக்காத உடம்போடு திருடர்களை மடக்கும் ஒரு மனிதனை அந்த மகன் சில ஆண்டுகளில் கற்பனை செய்தது தற்செயலாகத்தான் நடந்ததா? இரண்டையும் இணைத்து எழுதியவர்கள் உண்டு. எனக்கும் அதைப் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் இரு இளைஞர்களும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 13 பக்கக் கதை, பக்கத்துக்கு 10 டொலர். நிறுவனம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. ஷுஸ்டருக்குக் கண்பார்வை மங்கிப்போய், வறுமையில் கஷ்டப்பட்டார். 1975இல் பத்திரிகைகளில் விடயம் வெளியாகி மானம் போகும் நிலை வந்த பிறகுதான் ஆளுக்கு வருடம் 20,000 டொலர் உதவித் தொகையும் புத்தகத்தில் பெயர் போடுவதும் கிடைத்தன. அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2024ஆம் ஆண்டு ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு விலைபோனது. அநீதியைத் தட்டிக்கேட்க ஒருவனைப் படைத்தவர்களுக்கு நேர்ந்த அநீதியைத் தட்டிக்கேட்க எவனும் பறந்து வரவில்லை.

நெருப்பில் போட்டவர்கள்

"நெருப்பில் போடவா?" என்று அந்தத் தாய் கேட்டது புதிய கேள்வியல்ல. 1948ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்டன் நகரில் கத்தோலிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று கொமிக்ஸ் புத்தகங்களைச் சேகரித்து முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். இன்னும் பல ஊர்களில் அப்படி நடந்தது. 1954இல் பிரெட்ரிக் வேர்தம் என்ற மனநல வைத்தியர், சிறுவர்கள் குற்றவாளிகளாவதற்கு இந்தப் புத்தகங்களே காரணம் என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட் சபையின் குழுவொன்று விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாமாகவே ஒரு தணிக்கை விதிமுறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். அது 2011 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

வேர்தம் கெட்ட மனிதரல்ல. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நியூயோர்க்கில் மிகக் குறைந்த கட்டணத்தில் மனநல நிலையம் நடத்தியவர். ஆனால் அவருடைய கோப்புகளை ஆராய்ந்த பேராசிரியை கெரல் டில்லி 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் சொன்னதைத் தன் வாதத்துக்கு ஏற்ப அவர் மாற்றியும் கூட்டியும் எழுதியிருப்பதைக் காட்டினார். நல்ல நோக்கத்துக்காகவும் பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது என்பது நாம் அறிந்ததே. இதை வாசித்தபோது, மிம்பரில் நின்று நானும் விசாரிக்காமல் சொன்ன சில விடயங்களை எண்ணிக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

அதற்காக இந்தப் புத்தகங்கள் எல்லாம் சுத்தமானவை என்று நான் சொல்ல வரவில்லை. 1988ஆம் ஆண்டு பெட்மேன் கதையொன்றில், பெட்மேனுடன் இருக்கும் ரொபின் என்ற சிறுவனைக் கொல்வதா விடுவதா என்று வாசகர்களிடம் தொலைபேசியில் வாக்குக் கேட்டார்கள். ஓர் அழைப்புக்கு 50 சதம். கொல்லுங்கள் என்று 5,343 பேர், விடுங்கள் என்று 5,271 பேர். 72 வாக்கில் ஒரு பிள்ளையைக் கொன்றார்கள். கதைதானே என்பீர்கள். ஆம், கதைதான். ஆனால் காசு கொடுத்து ஒரு பிள்ளையின் மரணத்துக்கு விரல் அழுத்தியவர்கள் கதையில் வருபவர்கள் அல்லவே! அதே கதையில் கொலைகாரக் கோமாளியான ஜோக்கரை ஐக்கிய நாடுகள் சபைக்கு ஈரானின் பிரதிநிதியாக நியமிப்பதாகவும், இமாம் குமைனியே அதைச் செய்வதாகவும் வரைந்திருந்தார்கள். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் அரபி என்றால் ஒன்று கொள்ளைக்காரன், இல்லையென்றால் குண்டு வைப்பவன், அதுவும் இல்லையென்றால் கொழுத்த ஷெய்க். பல்லாண்டு காலம் இதுதான் நிலை. நம் பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது தன்னை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான்?

பெண் பாத்திரங்களின் உடுப்பைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அட்டையைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பையில் இருந்தவற்றில் இரண்டு புத்தகங்களை அந்தக் காரணத்துக்காகவே எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொரு விடயமும் எனக்குப் பிடிக்கவில்லை. 1992 இறுதியில் சுப்பர்மேன் இறந்துவிட்டான் என்று ஓர் இதழ் போட்டார்கள். கறுப்புப் பொதியில் கட்டி விற்றார்கள். இலட்சக்கணக்கில் விற்றது. அடுத்த வருடமே எழும்பி வந்துவிட்டான்! அதற்குப் பிறகு யார் செத்தாலும் திரும்பி வருவார்கள் என்று வாசகர்களுக்கே பழகிவிட்டது. பல பூமிகள், பல பிரபஞ்சங்கள் என்று 1961 முதலே எழுதி வந்தவர்கள். ஓர் உலகத்தில் இறந்தவன் மற்றதில் உயிரோடு இருப்பான். மௌத்து என்றால் திரும்பி வராத பயணம் என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தக் கதைகளில் அதற்குப் பாரமே இல்லை.

ஆனால் ஸ்பைடர்மேன் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தான். 1962இல் ஸ்டேன் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கியது. தகப்பன் தாய் இல்லாத, சாச்சா சாச்சியிடம் வளரும் பள்ளி மாணவன். சிலந்தி கடித்து ஆற்றல் கிடைத்ததும் காசு சம்பாதிக்கப் போகிறான். ஓடிவந்த திருடனைத் தடுக்க முடிந்தும், எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பின்னர் அவனை வளர்த்த சாச்சாவைக் கொன்றுவிடுகிறான். வாழ்நாள் முழுவதும் அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனை ஓட வைக்கிறது. தீமையைக் கண்டால் கையால் தடுப்பது பற்றிய ஹதீஸை ஒவ்வொரு வருடமும் பாடமாக நடத்துபவன் நான். மனனம் செய்து ஒப்புவித்த பிள்ளைகளுக்கு அது இந்தளவு நெஞ்சில் தைத்திருக்குமா என்பது சந்தேகமே.

நம்மவர் எழுதியவை

குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிப் அல் முதவ்வா 2006ஆம் ஆண்டு 'தொண்ணூற்றொன்பது' என்ற பெயரில் ஒரு சித்திரக்கதைத் தொடரைத் தொடங்கினார். ஹிஜ்ரி 656இல், அதாவது 1258இல், ஹுலாகுவின் படை பக்தாதை அழித்து நூலகங்களைத் திக்ரிஸ் நதியில் எறிந்த வரலாறு நமக்குத் தெரியும். அந்த நூல்களின் அறிவெல்லாம் 99 இரத்தினக் கற்களில் சேர்ந்து உலகமெங்கும் சிதறியதாகக் கதை போகிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வோர் இளைஞனுக்கோ யுவதிக்கோ ஒரு கல் கிடைக்கிறது. ஸவூதி வாலிபனுக்கு மலைபோன்ற பலம், அவன் பெயர் ஜப்பார். ஒளியைக் கொண்டு உண்மையைப் பார்க்கும் பெண் நூரா. யெமன் நாட்டு பாதினா மறைந்து செல்லக் கூடியவள், முழுமையாக மூடி உடுத்தவள். 2010இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா மேடையிலேயே இவரைப் பாராட்டினார். அதே ஆண்டு சுப்பர்மேனும் பெட்மேனும் இவர்களுடன் சேர்ந்து வரும் தொடர் ஒன்றும் வெளியானது. 2014இல் ஸவூதி உலமாக்கள் இதற்கு எதிராக பத்வா வெளியிட்டார்கள். சித்திரக்கதை அதற்கு முந்திய வருடமே நின்றுவிட்டிருந்தது.

எனக்கு இதில் இரண்டு மனம். பக்தாத் நூலகத்தின் அழிவை ஒரு பத்து வயதுப் பிள்ளை கண்ணீரோடு நினைக்கச் செய்தால் அது பெரிய காரியம். நாங்கள் எழுதிய வரலாற்றுப் பாடப் புத்தகங்கள் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அஸ்மாஉல் ஹுஸ்னாவை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது கூட அப்துல் ஜப்பார் என்று 'அப்து'வைச் சேர்த்துத்தானே வைக்கிறோம்? யாவருக்கும் பொதுவான நற்பண்புகளைத்தான் எடுத்தோம் என்பது அவர் தரப்பு. அவருடைய நிய்யத்தை அல்லாஹ் அறிவான். வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை.

மகள் எனக்குக் காட்டிய இன்னொரு பாத்திரத்தின் பெயர் கமலா கான். கமலா என்றதும் அயல்வீட்டுத் தமிழ்ப் பெண்ணின் பெயர்போல் இருக்கிறதே என்றேன். இல்லையாம், 'கமால்' என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்ததாம். பாகிஸ்தானில் இருந்து அமெரிக்கா சென்ற குடும்பத்தின் 16 வயது மகள். ஜேர்ஸி நகரில் வசிக்கிறாள். 2014இல் அவளுடைய தனித் தொடர் வெளிவந்தது. எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண் ஜி. வில்லோ வில்சன். ஆசிரியப் பொறுப்பில் இருந்த ஸனா அமானத்தும் முஸ்லிம் பெண்தான். 2015இல் ஹ்யூகோ விருது பெற்றது. 2022இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இந்தப் பிள்ளை வாப்பா உம்மாவுக்குத் தெரியாமல் இரவில் வெளியே போகிறாள். அது சரியல்ல. ஆனால் சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவளுக்கு உருவம் மாறும் ஆற்றல் கிடைத்ததும் முதலில் என்ன ஆகிறாள் தெரியுமா? பொன்னிற முடியும் வெள்ளைத் தோலுமாக, தான் ஆசைப்பட்ட அமெரிக்க வீராங்கனையின் உருவத்தை எடுக்கிறாள். எடுத்த பிறகு பார்த்தால் முடி முகத்தில் விழுகிறது, சப்பாத்து நெரிக்கிறது, உடுப்பு கடிக்கிறது. அழகாக இருப்பது இவ்வளவு கஷ்டமா என்று ஆகிவிடுகிறது. பிறகு நீந்தும்போது உடுக்கும் மூடிய உடையைத் தானே தைத்துத் திருத்தி, தன் சொந்த முகத்தோடு வெளியே வருகிறாள். வெள்ளையாக்கும் கிறீம் பூசி முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு நான் செய்த எந்தப் பயானும் இவ்வளவு எளிதாக விஷயத்தைச் சொல்லியதில்லை.

அடுத்து, அந்த ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் அவளைப் பெற்றோர் அனுப்புகிறார்கள். ஏச்சு விழும் என்று பயந்துகொண்டு போகிறாள். தான் பிறருக்கு உதவி செய்வதாகவும், முழு விபரத்தையும் சொல்ல முடியாதென்றும் கூறுகிறாள். அந்த ஷெய்க் ஏசவில்லை. விட முடியாதென்றால், ஒழுக்கமுள்ள பெண்ணுக்குரிய நேர்மையோடும் இரக்கத்தோடும் செய். உனக்கு ஓர் ஆசிரியர் தேவை என்று சொல்லி அனுப்புகிறார். மகள் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அன்று காலை அவளிடம் நான் குரலை உயர்த்திப் பேசியிருந்தேன். விவரம் இங்கே வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்படிக் கதைகள் நமக்கு அந்நியமானவையா? எங்கள் மூத்தும்மா காலத்தில் ராத்திரி வேளைகளில் பெண்கள் கூடியிருந்து படைப்போர்களும் கிஸ்ஸாக்களும் ராகம் போட்டுப் படிப்பார்கள். அலீ (ரலி) அவர்களின் மகனார் முஹம்மத் ஹனபிய்யா அவர்கள் வரலாற்றில் அமைதியான அறிஞர். நம் புலவர்களோ அவரைக் குதிரையேற்றி, தனியொருவராகப் பெரும் படைகளை வெட்டி வீழ்த்த வைத்தார்கள். வாளெடுத்துப் போர் புரிந்த ஸைத்தூனின் கிஸ்ஸாவைக் கேட்டுக்கொண்டே நித்திரையான பிள்ளைகள்தான் நம் உம்மாமார். வரலாறு என்று சொல்லிக் கட்டுக்கதை சொல்வது தவறு என்று உலமாக்கள் கண்டித்தது சரியே. ஆனால் கதையை நிறுத்திய நாம் அதன் இடத்தில் என்ன வைத்தோம்?

ஒரு வாரம் கழித்துப் பையனைக் கூப்பிட்டேன். தாயும் வந்தார். சுப்பர்மேனுக்கு ஆரம்பத்தில் பறக்கத் தெரியாது என்று நான் சொன்னதும் அவன் கண்கள் அகல விரிந்தன. "மௌலவி, நீங்களும் வாசிச்சயா?" என்றான். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஏன் பாய்ந்தாய்?

கொஞ்ச நேரம் பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "வாப்பா கத்தாருக்குப் போகக்குள்ள செல்லிட்டுப் போனார், இனி நீதான் உம்மாவையும் தங்கச்சியையும் பாத்துக்கணும் எண்டு. போன மாசம் பக்கத்து வளவுல கள்ளன் வந்த. நான் பழகிப் பார்த்தேன்."

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் பேச்சு வரவில்லை. வெளிநாடு போகும் எல்லா வாப்பாமாரும் மூத்த மகனிடம் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தைதான் அது. விமான நிலையத்தில் நானே கேட்டிருக்கிறேன். பத்து வயதுத் தோளில் அது எவ்வளவு பாரம் என்று நாம் நிறுத்துப் பார்த்ததில்லை. கிளீவ்லண்டின் துணிக்கடைக்காரர் மகன் நினைவுக்கு வந்தார்.

அன்றிரவே கணவரோடு பேசுவதாகச் சொன்னார் அந்தச் சகோதரி. பேசினார். வாப்பா தன் வாயாலேயே மகனிடம், "வீட்டைப் பாக்கிறது என்ட வேலை, பக்கத்துல பெரியப்பா இருக்கார், நீ படிச்சா போதும்" என்று சொல்லியிருக்கிறார். பின்கதவுக்குப் புதிய தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த இரண்டைத் தவிர. கொடுக்கும்போது அவனுக்கு ஒரு சம்பவம் சொன்னேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்திருந்தார்கள். ஒரு நாள் காற்றில் திரை விலகியபோது நபி (ஸல்) அவர்கள் அவற்றைக் கண்டார்கள். நடுவில் துணித் துண்டுகளால் சிறகு வைத்த ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவான ஹதீஸ் இது.

பையன் இடது கையால் பென்சிலை எடுத்தான். கொப்பியின் பின்பக்கத்தில் கோணலாக ஒரு குதிரை வரையத் தொடங்கினான்.

"மௌலவி, எத்தனை சிறகு?"

"இரண்டு" என்றேன்.